பேய்க்கே தலை சுற்ற வைக்கும் போர்வை தெரியுமா?

பாகப் பிரிவினை நடந்த நாளை வருடா வருடம் மேளம் கொட்டிக் கொண்டாடும் குடும்பத்தைப் பார்த்திருக்கிறீர்களா? பிலிப்பைன்ஸில் ஒரு மாகாணமே அப்படிக் கொண்டாடுகிறது!

லூசோன் தீவின் வடமேற்கு ஓரம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கோர்டில்யேரா மலைத்தொடர், நடுவே ரிப்பன் போல ஒரு நிலம். அதுதான் இலோகோஸ். 1818 பிப்ரவரி 2 அன்று ஸ்பெயின் அரசின் ஆணை அதை இரண்டாக வெட்டியது. வடக்குத் துண்டு இலோகோஸ் நோர்த்தே, தெற்குத் துண்டு இலோகோஸ் சூர். தெற்குக்காரர்கள் அந்த வெட்டு விழுந்த நாளையே மாகாணத்தின் பிறந்தநாளாக வைத்துக்கொண்டு, ஜனவரி கடைசியில் தொடங்கி பிப்ரவரி முதல் வாரம் வரை விகான் நகரில் திருவிழா எடுக்கிறார்கள். பெயர் கன்னாவிதான். இலோக்கானோ மொழியில் ‘மரபு’, ‘வழிவழியாக வந்தது’ என்று பொருள். மாகாணத்தின் 34 ஊர்களும் தங்கள் தங்கள் சரக்கோடு வந்து இறங்கிவிடும். துணி, பானை, கருப்பஞ்சாற்று மது, பூண்டு மணக்கும் தொத்திறைச்சி, பாட்டு, கூத்து!

வடக்குக்காரர்கள் சும்மா இருப்பார்களா? 2011-ல் அவர்களும் ‘தான்-ஓக் நி இலோக்கானோ’ என்று ஒன்றைத் தொடங்கினார்கள். தான்-ஓக் என்றால் பெருமை, மேன்மை. அங்கே ஒவ்வோர் ஊருக்கும் ஏற்கெனவே ஒரு சொந்தத் திருவிழா உண்டு. அத்தனை திருவிழாவையும் லாவோக் நகர விளையாட்டரங்கத்துக்குள் கொண்டுவந்து நடனப் போட்டி வைத்துவிட்டார்கள். திருவிழாக்களுக்கே ஒரு திருவிழா! ஆடுகிறவர்களில் பள்ளிப் பிள்ளைகளும் கல்லூரிப் பிள்ளைகளும் ஏராளம். மரபைப் பிள்ளைகளிடம் ஒப்படைப்பதுதான் நோக்கம் என்று அங்கே சொல்கிறார்கள்.

சொல்வது எல்லா ஊரிலும் நடக்கிறது. மினுமினுக்கும் ஜிகினா உடுப்பு, காதைக் கிழிக்கும் ஒலிபெருக்கி, ஏழு நிமிட நடனம், நடுவர், கேடயம். இதில் எந்த மரபு கைமாறும் என்று எனக்கும் சந்தேகம்தான். ஆனால் பிள்ளைகள் மேடையில் ஆடிக் காட்டுகிற விஷயங்களைக் கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன். அம்மாடி!

முதலில் இரண்டு குச்சி. விகானில் மே மாதம் நடக்கும் பினாத்பாத்தான் விழாவில் பிள்ளைகள் இரண்டு கைகளிலும் மூங்கில் குச்சி பிடித்துத் தெருவெல்லாம் அடித்துக்கொண்டே ஆடுவார்கள். கோலாட்டம் என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். அது பஞ்சு அடிப்பது! செடியிலிருந்து பறித்த பருத்தியைப் போட்டு இரண்டு குச்சிகளால் அடி அடி என்று அடித்து, பஞ்சை விதையிலிருந்து பிரித்து நூற்பதற்கு இளக்குவார்கள். அந்தக் குச்சிக்குப் பெயர் பாத்பாத். அடிக்கிற சத்தமே பெயராகிவிட்டது போல இருக்கிறது, இல்லையா? வேலையில் பிறந்த தாளம்தான் நடனமானது. இந்த விழாவை 1993-ல் தொடங்கி வைத்தவர்கள், தங்கள் பழைய வீடுகள் இடிந்துபோகாமல் காக்கச் சங்கம் வைத்திருந்த விகான் வீட்டுக்காரர்கள். அடுத்த ஆறே ஆண்டில், 1999-ல், விகான் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிவிட்டது.

பருத்திக்கு இலோக்கானோவில் என்ன பெயர் தெரியுமா? கபாஸ். வடமொழியின் ‘கார்ப்பாசம்’ கப்பலேறி மலாய்க்குப் போய், அங்கிருந்து தீவு தீவாகத் தாவி இலோகோஸ் கரைக்கு வந்து சேர்ந்த சொல் அது!

அந்தப் பஞ்சு நூலாகித் தறியில் ஏறினால் ‘ஆபெல்’. நெய்த துணி ‘இனாபெல்’. மணிலாவுக்கும் மெக்சிகோவின் அகபுல்கோவுக்கும் இடையே 250 ஆண்டுகள் பசிபிக்கைக் கடந்துகொண்டிருந்த ஸ்பானியப் பெருங்கப்பல்களுக்குப் பாய் தந்தது இந்தத் துணி. புயலைத் தாங்கிய கைத்தறி! இன்று அதைப் போர்வை, துண்டு, மேசை விரிப்பு என்று விகான் கடைகளில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். துவைக்கத் துவைக்க மெத்தென்று ஆகும்.

இனி அந்தப் பேய் விஷயம். பினாகோல் என்று ஒரு நெசவு. இரண்டே நிறம், வெறும் கட்டம். ஆனால் பாவும் ஊடையும் குறுக்கே ஓடும்போது கட்டங்களைச் சில இடத்தில் ஒடுக்கி, சில இடத்தில் விரித்து நெய்கிறார்கள். விளைவு? தட்டையான துணி நீர்ச்சுழல் போலக் குழிந்து, குமிழ் போலப் புடைத்து, கண் முன்னால் சுற்றத் தொடங்கிவிடும்! ஐரோப்பிய ஓவியர்கள் 1960-களில் இப்படிக் கண்ணை ஏய்க்கும் படங்களை வரைந்து பெரும் பெயர் வாங்கினார்கள். இலோக்கானோப் பாட்டிகள் அதற்கு வெகுகாலம் முன்பே அதைப் போர்த்திக்கொண்டு தூங்கியவர்கள். எதற்காக? கெட்ட ஆவி வந்தால் அதற்குத் தலை சுற்றி, வழி தெரியாமல் திரும்பிவிடும் என்று நம்பிக்கை. நாம் வாசலில் பூசணிக்காய் பொம்மை மாட்டி மிரட்டிப் பார்க்கிறோம். அவர்கள் மயக்கிவிட்டே அனுப்பியிருக்கிறார்கள்!

இந்தக் கலையின் பாட்டி மக்தலேனா கமாயோ. 1924-ல் பிறந்தவர், இலோகோஸ் நோர்த்தேயின் பினிலி ஊர்க்காரர். 16 வயதில் அத்தையிடம் பார்த்துப் பழகிய கை. கரும்பலகை கிடையாது, வரைபடத் தாள் கிடையாது. நெய்த துணியைப் பார்த்து நெய்வது, அவ்வளவுதான் பாடம். அவர் விரலில் இருந்த வடிவங்களைக் கேளுங்கள்: ஆரஞ்சுப் பழத்தைப் போலச் சுழலும் வட்டம், பூக்கள், பூனை நடந்த காலடி, இவை போதாதென்று பால்வீதி மண்டலம்! மாருருப் என்று அதற்குப் பெயர். வானத்தில் இருக்கும் கோடானுகோடி விண்மீனை ஒரு போர்வைக்குள் நெய்துவிட்டார்கள். 2012-ல் பிலிப்பைன்ஸ் அரசு அவருக்கு ‘நாட்டின் மரபுக் கலைஞர்’ என்ற மிக உயர்ந்த விருதைத் தந்தது.

அந்த விருதில் ஒரு கிடுக்கிப்பிடி இருக்கிறது. 1992-ல் போட்ட சட்டம் அது. விருதாளருக்குப் பதக்கமும் மாதாமாதம் உதவித்தொகையும் உண்டு. ஆனால் வாங்கி வைத்துக்கொண்டு ஓய்ந்துவிட முடியாது. வித்தையை அடுத்த தலைமுறைக்குச் சொல்லித்தர வேண்டும்! நம் ஊரில் விருது என்றால் பொன்னாடை போர்த்தி, படம் எடுத்து, பிறகு மறந்துவிடுவோம். அங்கே விருதுக்குள்ளேயே ஒரு பள்ளிக்கூடத்தை ஒளித்து வைத்திருக்கிறார்கள். கமாயோவின் வீட்டருகே ஊர்ப் பெண்கள் வந்து தறி மிதிக்கப் பழகினார்கள். என்னைக் கேட்டால் ஏழு நிமிட நடனத்தைவிட இந்த ஒரு விதி பெரிது.

ஆனாலும் நடனத்தை ஒரேயடியாகத் தள்ளவும் மனம் வரவில்லை. இரண்டு மாதம் ஒத்திகை பார்த்த பிள்ளைக்கு பாத்பாத் என்றால் என்ன, எதற்காக அடித்தார்கள் என்பது ஆயுளுக்கும் மறக்காது. கை மறக்காது. தறிக்குப் போகிறவர் பத்துப் பேரில் ஒருவர் என்றாலும், வழி தெரிந்திருக்க வேண்டுமே!

சரி, பானைக்கு வருவோம். புர்னாய் என்பது அங்கத்திய ஜாடி. கறுத்து, கல் போல இறுகி, தட்டினால் கணீரென்று ஒலிக்கும். சீனத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த தொழில். மண்ணை மிதித்துப் பிசைவது யார் தெரியுமா? எருமை! வட்டமாகச் சுற்றிச் சுற்றி நடக்கவிட்டு மண்ணைப் பதப்படுத்துகிறார்கள். சூளையோ வீட்டைவிட நீளமான சுரங்கம். விகானில் குயவர் பட்டறைகள் இருக்கும் பகுதிக்கே பாக்புர்னாயான் என்று பெயர். அங்கே போகிற பிள்ளைகள் சக்கரத்தில் கை வைத்துப் பார்க்கலாம். முதல் பானை எல்லோருக்கும் கோணல்தான்.

அந்த ஜாடிக்குள் என்ன போடுவார்கள்? மீனை உப்பில் ஊறவைத்துப் புளிக்கவிட்ட பாகோவோங், கரும்புக் காடி, அப்புறம் பாசி! நம் பாசிப்பயறு இல்லை, குளத்துப் பாசியும் இல்லை. கருப்பஞ்சாற்றைக் காய்ச்சி, சாமாக் என்ற மரத்தின் இலையும் பட்டையும் சேர்த்து, ஜாடியில் மூடிப் புளிக்கவைத்த மது. கல்யாணமா, சாவா, பிறப்பா, பாசி இல்லாமல் நடக்காது. இறந்தவர்களுக்குப் படையல் வைக்கும்போதும் தட்டில் பாசி உண்டு. அந்தப் படையலுக்கு ‘ஆத்தாங்’ என்று பெயர். வெற்றிலை பாக்கு, சாப்பாடு, புகையிலை, மது என்று முன்னோர்களுக்குப் பிடித்ததை எல்லாம் எடுத்து வைப்பார்கள். நம் வீட்டுப் பெரியவர்களுக்கு அந்தத் தட்டைக் காட்டினால் ஒரு கேள்வியும் கேட்க மாட்டார்கள், உட்கார்ந்து கும்பிட்டுவிடுவார்கள்.

இந்த மதுவுக்காக ஒரு புரட்சியே வெடித்தது! ஸ்பானியர்கள் ‘வீட்டில் பாசி காய்ச்சக் கூடாது, எங்கள் கடையில்தான் வாங்க வேண்டும்’ என்றார்கள். 1807 செப்டம்பர் 16 அன்று பித்திக் என்ற ஊரில் ஜனங்கள் கிளம்பிவிட்டார்கள். பன்னிரண்டே நாளில் அடக்கப்பட்டது. 14 ஆண்டு கழித்து, 1821-ல், எஸ்தேபான் வில்யானுவேவா என்ற விகான் ஓவியர் அந்தக் கலகத்தை வரைந்தார். எத்தனை படம்? அதுவும் 14! படை போவது, ஆற்றங்கரைச் சண்டை, தூக்குமேடை என்று சித்திரக்கதை போல ஒன்றன்பின் ஒன்று. வானத்தில் ஒரு வால்நட்சத்திரத்தையும் போட்டிருக்கிறார். கற்பனை என்று தள்ளிவிடாதீர்கள்: 1807-ல் நிஜமாகவே வெறுங்கண்ணுக்குத் தெரியும் பெரிய வால்நட்சத்திரம் ஒன்று தோன்றியது!

அந்தப் படங்கள் இப்போது எங்கே இருக்கின்றன என்பது இன்னொரு வேடிக்கை. விகானின் பழைய சிறைச்சாலையில். அதே சிறையில்தான் 1890-ல் ஒரு குழந்தை பிறந்தது. குற்றவாளியின் பிள்ளை இல்லை, சிறைக் காவலரின் பிள்ளை. அந்தக் குழந்தை எல்பிடியோ கிரினோ, 1948-ல் பிலிப்பைன்ஸின் ஜனாதிபதி! கலகக்காரர்களின் ஓவியமும் ஜனாதிபதியின் பிறந்த இடமும் ஒரே கூரைக்கடியில். பள்ளிப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிப்போய்க் காட்ட இதைவிட நல்ல வரலாற்றுப் புத்தகம் கிடைக்குமா?

இங்கே கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள், அடுத்தது நம் சென்னை! 1762-ல் மணிலாவைப் பிடிக்க ஆங்கிலேயப் படை எங்கிருந்து கப்பலேறியது தெரியுமா? மதராஸிலிருந்து! நம் பக்கத்துச் சிப்பாய்களும் அதில் இருந்தார்கள். மணிலா விழுந்ததும் அங்கே வடக்கே தியேகோ சிலாங் என்ற இலோக்கானோ இளைஞர் ஸ்பானியர்களை எதிர்த்துக் கொடி தூக்கி, விகானைத் தலைநகராக்கி, ஆங்கிலேயரோடு கைகோத்தார். 1763 மே மாதம் அவரைக் கொன்றார்கள். அவர் மனைவி காப்ரியேலா அழுதுகொண்டு உட்காரவில்லை, படையை எடுத்துக்கொண்டு போரைத் தொடர்ந்தார். அதே ஆண்டு செப்டம்பர் 20 அன்று விகானில் எல்லோர் கண்முன்னாலும் அவரைத் தூக்கிலிட்டார்கள். மதராஸிலிருந்து போய்த் திரும்பிவராத சிப்பாய்களில் சிலர் மணிலாவுக்குப் பக்கத்தில் காயிந்தா என்ற ஊரில் பெண்ணெடுத்துத் தங்கிவிட்டார்கள். அவர்கள் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே உண்டு.

இன்னொரு சொந்தமும் சொல்கிறேன், இது எழுத்து வழிச் சொந்தம். ஸ்பானியர் வருவதற்கு முன்பே பிலிப்பைன்ஸ் மக்களிடம் எழுத்து இருந்தது. நம் தமிழ் எழுத்தைப் போலவே பிராமிக் குடும்பம். ஆனால் ஒரு சிக்கல். அதில் மெய்யெழுத்து கிடையாது! ‘க’ எழுதலாம், ‘க்’ எழுத முடியாது. சொல்லின் கடைசி மெய்யை எழுதாமலே விட்டுவிடுவார்கள். படிக்கிறவர் ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். 1620 வாக்கில் பிரான்சிஸ்கோ லோபெஸ் என்ற பாதிரியார் இலோக்கானோவில் ஒரு கிறிஸ்தவ மறைப் பாடநூலை அச்சிட்டபோது ஒரு தந்திரம் செய்தார். எழுத்துக்குக் கீழே குட்டிச் சிலுவை போட்டால் உயிர் போய் மெய் மட்டும் நிற்கும்! நாம் தலையில் புள்ளி வைத்து என்றோ தீர்த்துவிட்ட வேலை. அந்தச் சிலுவை அன்று பெரிதாக எடுபடவில்லை. இன்றைக்கு அந்தப் பழைய எழுத்தை ஆசையாகக் கற்கும் பிலிப்பைன்ஸ் இளைஞர்கள் சட்டையிலும் பச்சை குத்திக்கொள்ளும் தோளிலும் அதைச் சேர்த்தே எழுதுகிறார்கள். நானூறு வருடம் காத்திருந்த சிலுவை!

மொழி என்று பேச்சு வந்துவிட்டதே. இலோக்கானோக்காரர்கள் தங்கள் மொழியை ‘சாம்தோய்’ என்றும் சொல்வார்கள். ‘இங்கே எங்கள் பேச்சு’ என்கிற முழு வாக்கியம் தேய்ந்து ஒரே சொல்லான கதை அது. பன்னாவாக் (விடியல்) என்ற இலோக்கானோ வார இதழ் 1934-ல் தொடங்கியது. இந்த மொழியில் பட்டப்படிப்பு படிக்க வேண்டுமானால் எங்கே போக வேண்டும் தெரியுமா? அமெரிக்காவின் ஹவாய்க்கு! இலோகோஸின் ஒல்லி நிலம் எல்லோருக்கும் சோறு போடாது. 1906 டிசம்பரில் 15 பேர் ஹவாய்க் கரும்புத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போனார்கள். அவர்கள் பின்னால் ஆயிரமாயிரம் பேர். அந்தக் கூலிகளின் பேரப் பிள்ளைகளுக்காகத்தான் ஹவாய்ப் பல்கலைக்கழகம் இலோக்கானோ சொல்லித்தருகிறது. கரும்புக்கும் இந்த ஜனங்களுக்கும் என்ன ஜென்மப் பந்தமோ! சிக்கனக்காரர்கள் என்று நாடு முழுக்க இவர்களைக் கிண்டல் செய்வார்கள். பணத்தை வீட்டுக்கு அனுப்புகிறவன் சிக்கனமாகத்தானே இருப்பான்?

பசிக்கிறதா? சந்தைக்குப் போனால் உங்களுக்கு அந்நியமாகவே தெரியாது. முருங்கைக்கீரைக்கு அங்கே ‘மாருங்காய்’. சொல்லிப் பாருங்கள், நம் முருங்கை காதில் விழுகிறதா? கீரை, பூ, காய் ஒன்றையும் விடமாட்டார்கள். அகத்திப்பூவை ‘காதுதாய்’ என்று வாங்கி, வேகவைத்துத் தக்காளி சேர்த்துச் சாப்பிடுகிறார்கள். பாகற்காய், கத்தரி, வெண்டை மூன்றையும் அந்தப் புளித்த மீன் சாறு விட்டுச் சுண்டவைத்தால் பினாக்பெத். பெயருக்கே ‘சுருங்கியது’ என்றுதான் அர்த்தம். பிள்ளைகளுக்குப் பிடித்தது எம்பனாடா: அரிசி மாவில் செம்மஞ்சள் நிறம் சேர்த்துத் தட்டி, துருவிய பப்பாளிக்காய், தொத்திறைச்சி, ஒரு முழு முட்டை வைத்து மடித்து எண்ணெயில் போடுவது. பாத்தாக் நகரத்தில் இதற்கென்றே தனித் திருவிழா உண்டு!

திருவிழா என்றதும் பாவோய் ஊரின் கூலிங்-கூலிங்கை விட மனமில்லை. திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பல் சிலுவை இடுவது கத்தோலிக்கர் வழக்கம். அதற்கு முந்தைய நாள் இந்த ஊர்க்காரர்கள் அரிசி மாவைக் கரைத்து நெற்றியில் வெள்ளைச் சிலுவை இட்டுக்கொண்டு, பாசி குடித்து, ‘தூதோல்’ என்ற அரிசிப் பலகாரத்தைத் தின்று, தெருவில் ஆடித் தீர்க்கிறார்கள். மறுநாளிலிருந்து 40 நாள் தவம், இன்றைக்கே எல்லாம் முடித்துக்கொள் என்ற கணக்கு. ஆடுகிறவர்கள் மேல் என்ன துணி? இனாபெல்தான்.

கடைசியாக ஒரு வீரன். இலோக்கானோக் காப்பியத்தின் நாயகன் லாம்-ஆங் பிறந்தவுடனே பேசினான், தன் பெயரைத் தானே வைத்துக்கொண்டான், ‘அப்பா எங்கே?’ என்று கேட்டான்! ஒன்பது மாதத்தில் அப்பாவைத் தேடிப் போருக்குப் போனான். திரும்பி வந்து ஆற்றில் குளித்தான், அவன் உடம்பு அழுக்கில் மீனெல்லாம் செத்து மிதந்தன. பெண் கேட்கப் போனபோது அவன் சேவல் கூவியது, வீடு விழுந்தது. நாய் குரைத்தது, வீடு எழுந்தது. இந்தக் கதையை 1889 வாக்கில் அச்சேற்றியவர் விகான்காரரான இசபெலோ தெ லோஸ் ரெயேஸ். அவர் அம்மா லியோனா புளோரென்தினோவும் கவிஞர்!

லாம்-ஆங்குக்கும் முடிவு வந்தது. கல்யாணமான பிறகு மீன் பிடிக்கக் கடலில் மூழ்கியவனை ஒரு ராட்சத மீன் விழுங்கிவிட்டது. மனைவி கன்னோயான் விடவில்லை. முத்துக் குளிப்பவனைப் போல மூழ்கத் தெரிந்த ஒருவனை இறக்கி, எலும்புகளை ஒன்று விடாமல் பொறுக்கி வரச்செய்து, கரையில் அடுக்கினாள். அப்புறம் இடுப்பில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து எலும்புகள் மேல் போர்த்தி, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சேவல் கூவியது. நாய் உறுமியது. துணிக்கடியில் ஏதோ அசைந்தது. லாம்-ஆங் எழுந்து உட்கார்ந்து, நன்றாகத் தூங்கிவிட்டேன் என்றானாம்.